அப்பாவிடம் சொல்லலாமா? தீராத நோயை நோயாளியிடம் மறைப்பது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

முற்றிய புற்றுநோய் உள்ளவர்களை வீட்டுக்கே போய்ப் பார்க்கும் நோய் ஆதரவுக் குழு ஒன்றில் வேலை பார்க்கிறேன். மருத்துவமனைகளில் பாலியேட்டிவ் கேர் என்று சொல்வது இதைத்தான். பல வீடுகளில் எங்களை வாசலிலேயே நிறுத்திவிடுவார்கள். "கேன்சர்னு மட்டும் உள்ள சொல்லிடாதீங்க. அல்சர்னு சொல்லி வச்சிருக்கோம்" என்பார்கள். அப்படிக் கேட்கும் மகனும் மகளும் பாசத்தில்தான் கேட்கிறார்கள். ஆனாலும் அந்த வேண்டுகோளை அப்படியே ஏற்க முடியாது என்பது என் கருத்து. அதற்கான காரணங்களையும், வேறு என்ன செய்யலாம் என்பதையும், குடும்பங்கள் எங்களிடம் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை வைத்தே எழுதியிருக்கிறேன்.

அப்பாவுக்கு நாலாவது ஸ்டேஜ் என்று டாக்டர் எங்களிடம் மட்டும் சொல்லியிருக்கிறார். அப்பாவிடம் சொல்லித்தான் ஆக வேண்டுமா?

அதற்கு முன்னால் ஒரு கேள்வி இருக்கிறது: தன் நோயைப் பற்றி எவ்வளவு தெரிந்துகொள்ள அப்பா விரும்புகிறார்? பெரும்பாலான வீடுகளில் இதை யாருமே அவரிடம் கேட்டிருக்க மாட்டார்கள். மருத்துவமனையில் மகனைத் தனியாகக் கூப்பிட்டு வராந்தாவில் வைத்து ரிப்போர்ட்டைச் சொல்கிறார்கள். மகன் வீட்டுக்குப் போன் போடுகிறார், அக்கா அழுகிறார், மாமா "இப்போதைக்குச் சொல்ல வேண்டாம்" என்கிறார். அந்த "இப்போதைக்கு" கடைசி வரைக்கும் நீண்டுவிடுகிறது.

"எல்லாத்தையும் என்கிட்ட நேராச் சொல்லுங்க" என்று அப்பா சொல்லலாம். "பெரியவன் பாத்துக்குவான், அவன்கிட்ட பேசிக்குங்க" என்றும் சொல்லலாம். இரண்டுமே அவருடைய முடிவு, இரண்டுமே சரி. அவரைக் கேட்காமலே மற்றவர்கள் சேர்ந்து அவருக்காக முடிவெடுப்பதைத்தான் தவறு என்கிறேன்.

கேட்டாலே சந்தேகம் வந்துவிடாதா?

சந்தேகம் ஏற்கெனவே வந்திருக்கும். நோயாளிக்கு உண்மை தெரிய யாரும் வாய் திறக்க வேண்டியதில்லை. வார்டு வாசலில் பலகை இருக்கிறது. பக்கத்துக் கட்டிலில் இருப்பவர் "உங்களுக்கு எத்தனாவது கீமோ?" என்று கேட்கிறார். கரண்டு வைக்க, அதாவது கதிர்வீச்சு சிகிச்சைக்குப் போகிற இடத்தில் வரிசையில் உட்கார்ந்திருக்கும் எல்லோருக்கும் ஒரே நோய். முடி கொட்டுகிறது. மாத்திரை அட்டையில் உள்ள பெயரைப் பேரன் போனில் தட்டிப் பார்க்கிறான். அல்சருக்கு யாரும் முடி கொட்ட மருந்து ஏற்றுவதில்லை என்று கிராமத்தில் ஆடு மேய்ப்பவருக்கும் தெரியும். பத்து வருஷமாகப் பேசாத சித்தப்பா திடீரென்று ஹார்லிக்ஸ் பாட்டிலோடு வந்து கட்டிலோரம் உட்கார்ந்தால், அதற்கு மேல் என்ன அறிவிப்பு வேண்டும்?

1960-களில் பார்னி கிளேசர், அன்செல்ம் ஸ்ட்ராஸ் என்ற இரண்டு சமூகவியலாளர்கள் சான் பிரான்சிஸ்கோ பகுதி மருத்துவமனைகளில் இறக்கும் நிலையில் இருந்தவர்களைச் சுற்றி நடப்பதைக் கவனித்து எழுதினார்கள். அவர்கள் பிரித்துக் காட்டிய நிலைகளில் ஒன்று நம் வீடுகளுக்கு அச்சாகப் பொருந்துகிறது. நோயாளிக்கும் தெரியும், சுற்றியிருப்பவர்களுக்கும் தெரியும், ஆனால் யாருக்கும் தெரியாதது போல எல்லோரும் நடந்துகொள்வார்கள். நான் பார்த்த வீடுகளில் மிக அதிகம் இந்த நிலைதான். "பிள்ளைங்க மனசு கஷ்டப்படும்னு எனக்குத் தெரிஞ்ச மாதிரி காட்டிக்கலை" என்று பெரியவர் எங்களிடம் மெதுவாகச் சொல்வார். பிள்ளைகள் சமையலறையில் நின்று அதையே அவரைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருப்பார்கள். இரண்டு பக்கமும் அழுகிறார்கள், தனித்தனியாக. மறைப்பதை நான் எதிர்ப்பதற்கு முதல் காரணம் இந்தத் தனிமைதான்.

சொன்னால் உடைந்துபோய்விடுவார். இருக்கிற கொஞ்ச நாளும் போய்விடும் என்று பயமாக இருக்கிறது.

பயம் நியாயமானது, அதனால் ஆராய்ச்சிகள் சொல்வதைப் பார்ப்போம். அமெரிக்காவில் முற்றிய புற்றுநோய் இருந்த 332 பேரையும் அவர்களைப் பார்த்துக்கொண்டவர்களையும் தொடர்ந்து கவனித்த ஆய்வு ஒன்று 2008-ல் வெளிவந்தது. கடைசிக் காலம் பற்றி டாக்டரிடம் வெளிப்படையாகப் பேசியவர்களுக்கு மனச்சோர்வோ கவலையோ அதிகமாகவில்லை. அவர்கள் வென்டிலேட்டரிலும் ஐ.சி.யூ.விலும் கிடந்தது குறைவு. கடைசி நாட்களில் அதுபோன்ற தீவிர சிகிச்சைக்கு ஆளானவர்களின் குடும்பத்தினர்தான், இறப்புக்குப் பிறகு அதிகம் மனச்சோர்வுக்கு ஆளானார்கள்.

2010-ல் வெளிவந்த இன்னொரு பாஸ்டன் ஆய்வில், பரவிவிட்ட நுரையீரல் புற்றுநோய் உள்ள 151 பேரை இரண்டு பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவுக்குத் தொடக்கத்திலிருந்தே வழக்கமான சிகிச்சையோடு நோய் ஆதரவு சிகிச்சையும் சேர்த்துக் கொடுத்தார்கள். நோய் எந்த நிலையில் இருக்கிறது என்று நோயாளியோடு உட்கார்ந்து பேசுவது அந்தச் சிகிச்சையில் முக்கியமான பகுதி. வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களின் இடைநிலை ஆயுள் (பாதிப் பேர் இதைத் தாண்டி வாழ்ந்த அளவு) 8.9 மாதம், நோய் ஆதரவு சிகிச்சையும் சேர்த்துப் பெற்றவர்களுக்கு 11.6 மாதம். பேசியதால்தான் கூடுதலாக வாழ்ந்தார்கள் என்று சொல்லிவிட முடியாது. பேசினால் சீக்கிரம் போய்விடுவார் என்ற பயத்துக்கு இதில் ஆதாரம் இல்லை என்று நிச்சயம் சொல்லலாம்.

மறுபக்கத்தையும் சொல்லிவிட வேண்டும். ஸ்வீடனில் 60 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் பதிவேடுகளை வைத்துச் செய்த ஆய்வு 2012-ல் வந்தது. புற்றுநோய் என்று தெரிந்த முதல் வாரத்தில் தற்கொலை அபாயம் மற்றவர்களைவிட 12 மடங்கு அளவுக்கு இருந்தது. அப்படி நடப்பது எண்ணிக்கையில் மிக அரிது, ஆனால் அபாயம் உண்மை. முன்பே மனச்சோர்வுக்கு மருந்து எடுப்பவர், குடிப்பழக்கம் உள்ளவர், தனியாக இருப்பவர், "இருந்து என்ன பிரயோஜனம்" என்று ஏற்கெனவே பேசுகிறவர் என்றால் டாக்டரிடம் அதை முன்கூட்டியே சொல்லுங்கள். மனநல மருத்துவரையும் சேர்த்துக்கொண்டு, நிதானமாக, கொஞ்சம் கொஞ்சமாகச் சொல்ல வேண்டும். சொன்ன பிறகு சில நாட்களாவது அவரைத் தனியே விடக்கூடாது. ரிப்போர்ட்டைக் கையில் கொடுத்து பஸ் ஏற்றி அனுப்புவதுதான் ஆபத்து. வாட்ஸ்அப் பார்த்தோ வார்டில் கேட்டோ அவராகத் தனியாகத் தெரிந்துகொள்வதிலும் அதே ஆபத்து இருக்கிறது என்பதை மறந்துவிடுகிறோம்.

அந்தக் காலத்தில் டாக்டர்களே மறைத்தார்களே. அவர்களுக்குத் தெரியாததா?

மறைத்தார்கள், அதுவும் உலகம் முழுக்க. அமெரிக்க மருத்துவச் சங்கம் 1847-ல் வெளியிட்ட நெறிமுறையே, டாக்டரின் பேச்சும் நடந்துகொள்ளும் விதமும்கூட நோயாளியின் ஆயுளைக் குறைக்கக்கூடும் என்று எச்சரித்தது. 1961-ல் சிகாகோ டாக்டர்களிடம் கேட்டபோது 90 சதவீதம் பேர் புற்றுநோய் என்று சொல்வதில்லை என்றார்கள். 1979-ல் இன்னொரு அமெரிக்க மருத்துவமனையில் அதே கேள்விக்கு 97 சதவீதம் பேர் சொல்வோம் என்றார்கள். பதினெட்டே வருஷத்தில் தலைகீழ் மாற்றம்.

அரசர்களுக்கும் இதே கதைதான். பிரிட்டன் மன்னர் ஆறாம் ஜார்ஜுக்கு 1951 செப்டம்பரில் ஒரு நுரையீரலை அகற்றினார்கள். புற்றுநோய் என்று அவரிடம் சொல்லவே இல்லை. 1952 பிப்ரவரியில் இறந்தார். அதே ஆண்டு ஜூலையில் அர்ஜென்டினா அதிபரின் மனைவி எவா பெரோன் கருப்பைவாய்ப் புற்றுநோயில் 33 வயதில் இறந்தார். நியூயார்க்கிலிருந்து வந்த ஜார்ஜ் பேக் என்ற நிபுணர்தான் தனக்கு அறுவை சிகிச்சை செய்தார் என்பதுகூட அவருக்குத் தெரியாது. ஜப்பான் பேரரசர் ஹிரோஹிட்டோ 1989 ஜனவரி 7-ல் இறந்த பிறகுதான் அவருக்குப் புற்றுநோய் இருந்தது என்று அரண்மனை அறிவித்தது. அவரிடமும் சொல்லப்படவில்லை. அந்த ஜப்பானில் இன்று நோயாளியிடம் சொல்வதுதான் வழக்கம்.

மாற்றத்துக்கு ஒரு பெரிய காரணம் சிகிச்சை. அடையாறு புற்றுநோய் நிறுவனம் 1954-ல் தொடங்கிய காலத்தில் கேன்சர் என்றால் சாவு என்றுதான் ஜனங்களுக்குத் தெரியும். அப்போது கையில் இருந்த மருந்துகளும் குறைவு. இன்றைக்குக் குழந்தைகளின் ரத்தப் புற்றுநோயில் பெரும்பகுதியும், ஆரம்பத்தில் கண்டுபிடித்த மார்பகப் புற்றுநோயும் குணமாகின்றன. குணமாகக்கூடியவரிடமும் பெயரை மறைக்கிறோம். பாதியில் மருந்தை நிறுத்திவிட்டுப் போகிறவர்களில் சிலர், "அல்சருக்கு எதுக்கு இவ்வளவு அவஸ்தை" என்றுதான் நிறுத்துகிறார்கள்.

இதெல்லாம் வெள்ளைக்காரர் வழக்கம் இல்லையா? நம் ஊரில் குடும்பம்தானே முடிவெடுக்கும்?

இந்த வாதத்தை நான் மதிக்கிறேன். லாஸ் ஏஞ்சலஸில் 65 வயதைத் தாண்டிய 800 பேரிடம் 1995-ல் கேட்டிருக்கிறார்கள். பரவிய புற்றுநோய் என்றால் நோயாளியிடம் சொல்ல வேண்டும் என்றவர்கள், ஐரோப்பிய வம்சாவளியினரில் 87 சதவீதம், கொரிய வம்சாவளியினரில் 47 சதவீதம். குடும்பம் சேர்ந்து சுமக்கும் வழக்கம் நம்மிடம் மட்டும் இல்லை, அது குறையும் இல்லை. அதே சமயம், கொரியர்களிலும் கிட்டத்தட்டப் பாதிப் பேர் சொல்ல வேண்டும் என்றிருக்கிறார்கள். உங்கள் அப்பா எந்தப் பாதி என்று அவருடைய சாதி, ஊர், வயதைப் பார்த்துச் சொல்ல முடியுமா?

இன்னொன்று எனக்கு மனசில் உறுத்துகிறது. நம் வீடுகளில் "குடும்பம்" முடிவெடுக்கிறது என்றால் பெரும்பாலும் ஆண்கள் முடிவெடுக்கிறார்கள். நோயாளி அப்பாவாக இருந்தால் சொல்லலாமா வேண்டாமா என்று ஒரு வாரம் விவாதிக்கிறார்கள். நோயாளி அம்மாவாக இருந்தால் அந்த விவாதமே நடப்பதில்லை. "அவளுக்கு என்ன தெரியும், பயந்துருவா" என்று முடிந்துவிடும். வாழ்நாள் முழுக்க எல்லோருடைய நோயையும் பார்த்த அந்த அம்மாவிடம், அவருடைய நோயைப் பற்றி ஒரு வார்த்தை கேட்பதில்லை. இதைப் பண்பாடு என்று சொல்லி நியாயப்படுத்த எனக்கு மனம் வரவில்லை.

நன்மைக்காகப் பொய் சொல்லலாம் என்று வள்ளுவரே சொல்லியிருக்கிறாரே?

"பொய்மையும் வாய்மை யிடத்த" குறளை எங்களிடம் சொல்லாத குடும்பம் குறைவு. அதே குறளில் நிபந்தனையும் இருக்கிறது: குற்றமில்லாத நன்மை விளைய வேண்டும். நன்மை யாருக்கு விளைகிறது என்று பார்த்துவிடுங்கள். பல சமயம் அந்தப் பொய் நம்மைத்தான் காப்பாற்றுகிறது. அவர் அழுவதைப் பார்க்க வேண்டாம், அவர் கேட்கும் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டாம்.

சட்டம் என்ன சொல்கிறது?

இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002 ஒழுக்க விதிகள், நோயின் தீவிரத்தை டாக்டர் கூட்டியும் சொல்லக் கூடாது, குறைத்தும் சொல்லக் கூடாது என்கின்றன. ஆனால் நிலைமையை நோயாளி, உறவினர் "அல்லது" பொறுப்பான நண்பர்கள் அறிந்திருக்க வேண்டும் என்று எழுதிவைத்திருப்பதால், மகனிடம் மட்டும் சொல்லிவிட்டுப் போக டாக்டருக்கு வழி கிடைக்கிறது.

சம்மதம் என்று வந்தால் அந்த வழி அடைபடுகிறது. பரிசோதனைக்காக மயக்கத்தில் இருந்த ஒரு பெண்ணின் கருப்பையை, வெளியே உட்கார்ந்திருந்த அம்மாவிடம் சம்மதம் வாங்கி அகற்றிய வழக்கில் உச்ச நீதிமன்றம் 2008-ல் தீர்ப்பு சொன்னது. நோயாளி வயது வந்தவர், சுயமாக முடிவெடுக்கக்கூடியவர், உயிருக்கு உடனடி ஆபத்தும் இல்லை. அதனால் அம்மாவின் சம்மதம் செல்லாது என்றது. ஆக, அப்பா நினைவோடு இருக்கும்போது அவருடைய கீமோவுக்கு நீங்கள் போடும் கையெழுத்து அவருடைய சம்மதம் ஆகாது. தேசிய மனித உரிமைகள் ஆணையம் 2018-ல் உருவாக்கிய நோயாளிகள் உரிமைச் சாசனத்திலும் தகவல் அறியும் உரிமை இருக்கிறது. மருத்துவப் பதிவேடுகளை நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும் என்பதும் அந்த 2002 விதிகளில் உள்ளதுதான்.

தீராத நோய். தெரிந்து அவர் என்ன செய்யப்போகிறார்?

எனக்கு மிக முக்கியமான கேள்வி இதுதான். தீரும் நோயைவிடத் தீராத நோயில்தான் தெரிந்துகொண்டு செய்ய வேண்டியவை அதிகம்.

பணத்திலிருந்து தொடங்குவோம், நாம் பேசத் தயங்குவது அதைத்தான். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை தாங்காத செலவு வந்ததும் நிலத்தை விற்கிறோம், மகளின் நகையை அடகு வைக்கிறோம், வட்டிக்கு வாங்குகிறோம். யாருடைய நிலம்? அப்பா வெயிலில் நின்று வாங்கிய நிலம். முதல் இரண்டு வகை மருந்தும் கேட்காத பிறகு கொடுக்கும் மூன்றாவது வகை கீமோவால் கூடுதலாகச் சில வாரங்கள் கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம் என்று அவருக்குத் தெரிந்திருந்தால், "விடுங்கப்பா, பேத்தி படிப்புக்கு வைங்க" என்றிருக்கலாம். "இல்ல, நான் போராடிப் பாக்கணும்" என்றும் சொல்லியிருக்கலாம். சொல்லும் வாய்ப்பு அவருக்குக் கொடுக்கப்படவில்லை. அமெரிக்காவில் பரவிய நுரையீரல் புற்றுநோய்க்குக் கீமோ எடுத்தவர்களில் 69 சதவீதம் பேரும், பெருங்குடல் புற்றுநோய்க்கு எடுத்தவர்களில் 81 சதவீதம் பேரும் அது குணப்படுத்த வாய்ப்பே இல்லை என்பதைப் புரிந்துகொள்ளவில்லை என்று 2012-ல் ஓர் ஆய்வு காட்டியது. நோயின் பெயரைச் சொல்லும் நாட்டிலேயே இப்படி என்றால் இங்கே எப்படி இருக்கும்?

அடுத்தது, எங்கே எப்படி இறப்பது என்பது. மீளாத நிலையில் உயிர்காக்கும் கருவிகள் வேண்டாம் என்று முன்கூட்டியே எழுதிவைக்கும் உரிமையை உச்ச நீதிமன்றம் 2018 மார்ச் 9-ல் ஏற்றது. 2023 ஜனவரியில் நடைமுறையை எளிதாக்கியது. இரண்டு சாட்சிகள் முன்னால் கையெழுத்திட்டு, நோட்டரி அல்லது கெஜட்டட் அதிகாரி சான்றளித்தால் போதும். தனக்கு அல்சர் என்று நினைத்திருப்பவர் இதை எதற்கு எழுதப்போகிறார்? கடைசியில் மூச்சுத்திணறல் வரும், ஆம்புலன்ஸ் வரும், குழாய் போடலாமா என்று நடு ராத்திரியில் உங்களைக் கேட்பார்கள். அப்பா என்ன விரும்பினார் என்று யாருக்கும் தெரியாது. அண்ணன் தம்பி சண்டை அங்கேதான் ஆரம்பிக்கிறது.

அப்புறம் கணக்கில் வராதவை. உயில் எழுத வேண்டும். யாருக்கோ கொடுத்த கைமாத்து, யாரிடமோ வாங்கிய கடன் சொல்ல வேண்டும். பேசாமல் இருக்கும் தங்கையைக் கூப்பிட வேண்டும். குலதெய்வம் கோயிலுக்கு ஒரு தடவை போக வேண்டும். சிலர் கல்யாணத்தை முன்கூட்டி வைக்கச் சொல்கிறார்கள். சிலர் எதுவும் செய்யாமல் திண்ணையில் உட்கார்ந்திருக்கவே விரும்புகிறார்கள். எதுவானாலும் நேரம் குறைவு என்று தெரிந்து அவராகத் தேர்ந்தெடுத்தது.

சரி, எப்படிச் சொல்வது?

முடிந்தவரை டாக்டர் சொல்லட்டும், நீங்கள் பக்கத்தில் இருங்கள். கெட்ட செய்தியைச் சொல்வதற்கென்றே ஆறு படிகள் கொண்ட முறை ஒன்று 2000-ல் வெளியானது. கனடாவின் புற்றுநோய் மருத்துவர் ராபர்ட் பக்மன் உள்ளிட்ட மருத்துவர்கள் உருவாக்கியது. 2019-லிருந்து நம் எம்.பி.பி.எஸ். பாடத்திட்டத்திலும் நோயாளியிடம் பேசும் பயிற்சி சேர்ந்திருக்கிறது. ஓ.பி. நெரிசலில் அதற்கு நேரம் கிடைக்காது. அதனால் "பதினஞ்சு நிமிஷம் தனியாப் பேசணும் சார்" என்று தயங்காமல் கேட்டு நேரம் வாங்குங்கள். வராந்தாவில் வேண்டாம், உட்கார்ந்து பேசும் இடம் வேண்டும்.

அந்த முறையின் சாரம், சொல்வதற்கு முன் கேட்பது. "உங்க உடம்புக்கு என்னன்னு நீங்க நினைக்கிறீங்க?" என்று தொடங்கினால் பாதி வேலை முடிந்துவிடும். "கெட்ட கட்டியோன்னு தோணுது" என்று அவரே சொல்வார். அடுத்தது, "டெஸ்ட்ல வந்தது எல்லாத்தையும் உங்ககிட்டயே சொல்லட்டுமா, இல்ல வீட்ல வேற யார்கிட்டயாவது பேசட்டுமா?" பதில் கிடைத்த பிறகுதான் செய்தி. அதையும் ஒரே மூச்சில் கொட்டக் கூடாது. "நாம எதிர்பார்த்த மாதிரி ரிப்போர்ட் இல்லைங்கய்யா" என்று ஒரு வரி, அப்புறம் நிறுத்தம். அவர் கேட்டால் அடுத்த வரி. பேசாமல் இருந்தால் நீங்களும் பேசாமல் இருங்கள். அந்த மௌனத்தைத் தாங்க முடியாமல் "ஒண்ணும் ஆகாது, சரியாயிடும்" என்று நாம் உளறுவதுதான் வழக்கமான தவறு.

செய்தியோடு நிறுத்திவிடவும் கூடாது. "நோயை முழுசா எடுக்க முடியாது. ஆனா வலியை எடுக்க முடியும், மூச்சுத்திணறலுக்கு மருந்து இருக்கு, நாங்க விட்டுட்டுப் போகமாட்டோம்" என்பதும் உண்மைதான், அதையும் சொல்ல வேண்டும். "இனி செய்ய ஒண்ணுமில்ல, வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க" என்ற வாக்கியத்தை எந்த டாக்டரும் சொல்லக் கூடாது. கடும் வலியைத் தணிக்கும் மார்ஃபின் இருக்கிற வரை செய்ய நிறைய இருக்கிறது.

"எவ்வளவு நாள்?" என்று கேட்டால்?

தேதி சொல்ல வேண்டாம், சொன்னால் தப்பாகத்தான் இருக்கும். சிகாகோவில் 343 டாக்டர்களிடம் 468 நோயாளிகளின் மீதமுள்ள ஆயுளைக் கணிக்கச் சொன்ன ஆய்வு 2000-ல் வந்தது. 20 சதவீதக் கணிப்புதான் ஓரளவு சரி. 63 சதவீதம், நடந்ததைவிட அதிக நாள் சொன்ன கணிப்புகள். "வருஷக் கணக்கில் இல்லை, மாசக் கணக்கில் பேசுகிறோம்" என்பது போலச் சொல்வது நேர்மையானது, பயனுள்ளதும்கூட. சில சமயம் அவர் கேட்பது நாள் கணக்கே இல்லை. "தைப்பொங்கல் பாப்பேனா?", "பேரன் பொறக்கிற வரைக்கும் இருப்பேனா?" என்பதுதான் உள்ளே இருக்கும் கேள்வி. எதை நினைத்துக் கேட்கிறார் என்று திரும்பக் கேளுங்கள்.

அவரே எதுவும் சொல்ல வேண்டாம் என்கிறார்.

விட்டுவிடுங்கள். தெரிந்துகொள்ளாமல் இருப்பதும் உரிமை. 1997-ல் கையெழுத்தான ஐரோப்பிய ஒப்பந்தம் ஒன்றில் அதை எழுதியே வைத்திருக்கிறார்கள். அவருக்குப் பதிலாக யாரிடம் பேச வேண்டும் என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். சில வாரம் கழித்து மனம் மாறலாம், கதவைத் திறந்தே வையுங்கள்.

நோயாளி குழந்தை என்றால்?

ஸ்வீடனில் புற்றுநோயால் குழந்தையை இழந்த பெற்றோரிடம் நடத்திய ஆய்வு 2004-ல் வெளிவந்தது. குழந்தையோடு மரணத்தைப் பற்றிப் பேசியவர்கள் 147 பேர். அவர்களில் ஒருவர்கூட ஏன் பேசினோம் என்று வருந்தவில்லை. பேசாத 258 பேரில் 69 பேர் பேசாமல் போனோமே என்று வருந்தினார்கள். இதைவிடத் தெளிவான எண்கள் இந்தத் துறையில் எனக்குத் தெரிந்து இல்லை.

ரத்தப் புற்றுநோய் வார்டில் 3 முதல் 9 வயதுக் குழந்தைகளோடு பழகிய அமெரிக்க மானிடவியலாளர் மைரா புளூபாண்ட்-லாங்னர், யாரும் சொல்லாமலே அந்தக் குழந்தைகளுக்குத் தாங்கள் இறக்கப்போவது தெரிந்திருந்தது என்று 1970-களில் பதிவுசெய்தார். பெரியவர்களின் முகத்தைப் பார்த்து அதைப் பேசக்கூடாது என்றும் கற்றுக்கொண்டிருந்தார்கள். குழந்தை கேட்கும் அளவுக்கு, அதன் மொழியில், உண்மையை மட்டும் சொல்லுங்கள். "நான் செத்துருவேனாம்மா?" என்றால் "யாரு சொன்னா?" என்று அதட்டாமல் மடியில் வைத்துக்கொண்டு, என்ன நினைத்துக் கேட்கிறது என்று கேளுங்கள். "நான் கெட்ட பையன்கிறதால வந்துச்சா?" என்பது பல குழந்தைகளிடம் ஒளிந்திருக்கும் கேள்வி. அதற்கு உடனே "இல்லவே இல்லை" என்று பதில் வேண்டும்.

அம்மாவுக்கு மறதி நோய். சொன்னதையே மறந்துவிடுகிறார்.

அப்படியானால் ஒவ்வொரு தடவையும் புதிதாக அதிர்ச்சி கொடுக்கத் தேவையில்லை. வலியில்லாமல், பயமில்லாமல் வைத்துக்கொள்ளுங்கள். கேட்டால் பொய் சொல்லாமல் சுருக்கமாகப் பதில் சொல்லுங்கள்.

வெளிநாட்டில் இருக்கிறோம். அம்மாவுக்கு ஆங்கிலம் தெரியாது, நான்தான் டாக்டர் பேசுவதை மொழிபெயர்க்கிறேன்.

டொரண்டோவிலும் லண்டனிலும் உள்ள தமிழ்ப் பிள்ளைகள் பலரின் நிலை இது. டாக்டர் ஒன்று சொல்ல, நீங்கள் அம்மாவிடம் வேறொன்று சொல்வீர்கள். அந்தப் பாரத்தை ஏன் நீங்கள் தூக்க வேண்டும்? மருத்துவமனையின் மொழிபெயர்ப்பாளரைக் கேளுங்கள். நீங்கள் அங்கே மகளாக மட்டும், மகனாக மட்டும் உட்காரலாம்.

ஆறு மாசமாக அல்சர் என்றே சொல்லிவிட்டோம். இப்போது எப்படி மாற்றுவது?

பழைய பொய்யை விளக்கிக்கொண்டு தொடங்க வேண்டாம். அடுத்த முறை மருத்துவமனைக்குப் போகும்போது டாக்டரிடம் முன்பே நிலைமையைச் சொல்லிவிடுங்கள். "மருந்துக்கு நோய் அடங்கலை, பெரிசாத்தான் இருக்கு" என்று அவர் இன்றைய நிலைமையிலிருந்து தொடங்கட்டும். "ஏன் முன்னாடியே சொல்லலை?" என்று அப்பா உங்களைக் கேட்டால், "பயமா இருந்துச்சுப்பா" என்பது போதும், அது உண்மையும்கூட. கோபித்துக்கொள்வார் என்று நினைப்பீர்கள். நாங்கள் பார்த்த வரையில் "எனக்கு அப்பவே தெரியும்" என்று சொல்கிறவர்கள்தான் அதிகம்.

அம்மா தெரியாமலே போய்விட்டார். நாங்கள் செய்தது பாவமா?

பாவம் என்று நான் நினைக்கவில்லை. உங்களுக்கும் யாரும் வழி காட்டவில்லை. டாக்டர் உங்களை மட்டும் தனியே கூப்பிட்டுச் சொன்ன அந்த நிமிஷத்திலேயே பெரும் சுமையை உங்கள் தலையில் வைத்துவிட்டார். அம்மாவுக்குத் தெரிந்தே இருந்திருக்கவும் வாய்ப்பு நிறைய. தூக்கம் வராமல் அதே நினைப்பு மாதக்கணக்கில் தொடர்ந்தால் தாமதிக்காமல் ஆலோசகரைப் பாருங்கள்.

உதவிக்கு யாரை அணுகுவது?

முதலில், சிகிச்சை கொடுக்கும் மருத்துவமனையிலேயே பாலியேட்டிவ் கேர் பிரிவு இருக்கிறதா என்று கேளுங்கள். தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து பார்க்கும் நோய் ஆதரவு சேவையும் உண்டு. உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைப் பதிந்துகொள்ளலாம். மனசு தாங்காத ராத்திரிகளில் 14416 என்ற டெலி மனஸ் எண்ணுக்கு (அரசின் மனநல உதவி எண்) கூப்பிடலாம், தமிழிலேயே பேசுவார்கள், கட்டணம் இல்லை. நோயாளியும் கூப்பிடலாம், பார்த்துக்கொள்கிறவரும் கூப்பிடலாம். வீட்டுக்குக் குழு வரும்போது வாசலில் நிறுத்தி என்ன சொல்ல வேண்டுமோ சொல்லுங்கள், கேட்டுக்கொள்வோம். உள்ளே போனதும் அப்பாவிடம் அவருக்கு என்ன தெரிய வேண்டும் என்று கேட்க மட்டும் எங்களை விடுங்கள்.